சிவப்பியின் மூன்றாவது கோள்

மார்ச் 4

மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. நீங்கள் நன்றாக இருக்கக்கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறேன். இதைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை வார்டர் என்னைப் பற்றித் தப்பாக நினைத்தாலும் கவலையில்லை.

என் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் கட்டோடு பார்த்தீர்கள். இப்போது கட்டைப் பிரித்துக் கண்ணாடிக் கண் வைத்திருக்கிறார்கள். அதன் நிறம் மற்றதோடு ஒத்துப்போகவில்லை. அலுவலகத்தில் என்னோடு பேசுகிறவர்கள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒரு கண்ணில் இந்த மாதிரி அடிபட்டால் இன்னொன்றும் கூடச் சேர்ந்து கெட்டுப்போகலாம் என்று மருத்துவர் பயமுறுத்தி, இத்தனை மாதமாகக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. போன வாரம்தான் வேலைக்குத் திரும்பினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பி என்கிற நம் நட்சத்திரத்தை மூன்றாவதாக ஒரு கோள் சுற்றுகிறது என்று நீங்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் நம் ஆய்வகத்தின் பெயரில் நிற்கிறது. வெளியூர் ஆட்கள் கடிதம் போட்டுக் கேட்கிறார்கள். இயக்குநருக்கு அவமானமாக இருக்கிறது. வாபஸ் வாங்க வேண்டும் என்கிறார். அதற்குக் கண்டுபிடித்தவரின் கையெழுத்து வேண்டுமாம்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்த நட்சத்திரத்தின் முதல் இரண்டு கோள்களும் நான் கண்டுபிடித்தவை. மூன்றாவது நான் வைக்கச் சொன்ன பொய்க்கோள். தேடுகிறவன் விழித்துக்கொண்டுதான் தேடுகிறானா என்று பார்க்க, நட்சத்திர வெளிச்சத்தின் பதிவுகளுக்குள் இல்லாத கோளின் சுவட்டைச் சேர்த்து வைப்பது நம் தொழிலில் உள்ள பழக்கம். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தீர்கள். கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த, தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் டோமைக் கையால் சுற்றித் திறக்கிற அந்த இரும்புக் கைப்பிடியை நீங்கள் எடுத்ததை நான் பார்க்கவும் இல்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். செப்டம்பரில் தண்டனைக் குறைப்புக் குழு உங்கள் மனுவை எடுத்துக்கொள்கிறது. அடிபட்டவன் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மீதி நான்கு வருடமும் தள்ளுபடி ஆகலாம் என்று வக்கீல் சொன்னார். எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் மேல் உள்ள பாசத்தால் இல்லை. உங்கள் தங்கை தினமும் தட்டில் போட்ட சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் தங்கையின் கணவன்

மார்ச் 19

மாப்பிள்ளை,

படிவம் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்கே காகிதத்துக்குத் தட்டுப்பாடு.

நீ சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் சிரித்ததே நீதான். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. கோர்ட்டில் அதை நான் சொல்லியிருந்தால் ஒரு வருடமாவது குறைந்திருக்கும் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஒருவன் சிரித்தான், அதனால் அடித்தேன் என்று நீதிபதி முன்னால் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் கண் போனதற்கு வருத்தம் உண்டு. தோளில்தான் போடப் பார்த்தேன், நீ திரும்பினாய். அடித்ததற்கு வருத்தம் இல்லை. இங்கே வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஆலோசகர் வந்து வருத்தப்படுவது எப்படி என்று சொல்லித் தருகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

என் அறையில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறான். கூட வந்த கிளீனரை ஜாக்கிக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டு வந்தவன். படித்த ஆள் நீ எதற்கு உள்ளே வந்தாய் என்று குடைந்தான். சொன்னேன். எங்கேயோ தூரத்தில் ஒரு பல்பு எரிகிறது, அதற்கு முன்னால் ஒரு கொசு பறக்கிறது, கொசு நம் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் ஒரு துளி குறைவது மட்டும் தெரியும், அது நாள் தவறாமல் திரும்பத் திரும்பக் குறைந்தால் அங்கே கொசு சுற்றுகிறது என்று தெரிந்துகொள்வோம், அதுதான் எங்கள் பிழைப்பு என்றேன். வாயைப் பிளந்து கேட்டான். பிறகு, "கொசுவே இல்லாம பல்ப உன் மாப்பிள்ளை குறைச்சுக் காட்டிட்டானா?" என்றான். அப்படித்தான் சொல்கிறான் என்றேன். "அப்ப நீ கம்மியாத்தான் அடிச்சிருக்க" என்றான். கோர்ட்டில் கிடைக்காத நியாயம் அவனிடம் கிடைத்தது.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. உன் பொய்க்கோள் எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக வைத்தாய்? நான் பார்த்தது ஐம்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் அந்த எண்ணை நான் சொல்வதற்குள் நீ எழுந்துவிட்டாய். ஒரு வருடத்துக்கு மேல் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். நாம் சேர்க்கிற பொய் வழவழவென்று இருக்கும், போன அச்சு தப்பாமல் திரும்பி வரும். இது சிவப்பியின் முகத்தில் இருக்கிற கரும்புள்ளியைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் தடுமாறுகிறது. அவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்கிற பொறுமை உனக்குக் கிடையாது.

ஆபீசில் உனக்குச் சல்லடை என்று பெயர். மற்றவன் கொண்டுவந்ததையெல்லாம் சலித்துத் தள்ளுவாய். உன்னுடையதை நீ சலித்துப் பார்த்தாயா? உன் பொய்யைப் பதிவிலிருந்து கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

மச்சான்

ஏப்ரல் 8

மச்சானுக்கு,

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். இதன் பின்பக்கமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, தயவுசெய்து கதை எழுதி வீணாக்காதீர்கள்.

அந்த டிரைவர் சொன்னதை ரசித்து எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒன்று எழுதுகிறேன், வார்டரும் படிக்கட்டும். காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் எனக்கு உங்கள் கழுத்து ஞாபகம் வருகிறது. சுத்தியலைப் பார்த்தால் உங்கள் முட்டி. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு எலியைக்கூட அடித்ததில்லை, உங்கள் தங்கைதான் அடிப்பாள். இப்போது ஒரு கண்ணால் தூரம் சரியாகத் தெரியாமல் டம்ளருக்கு வெளியே சுடுதண்ணீரை ஊற்றிக் கையைப் பொசுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் உங்களை வேறு வேறு விதமாகக் கொல்கிறேன்.

நானும் உங்கள் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று பெயர். அவள் மாதம் இரண்டு முறை உங்களைப் பார்க்க வருகிறாள் என்பதே பஸ் டிக்கெட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டேன். "அவன் எனக்கு அண்ணன். நான் போவேன்" என்றாள். அந்த அண்ணன் பிடுங்கிய கண் யாருடையது என்று கேட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கி எறிந்தேன். தட்டு உடைந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் நாற்பது நாள். தேடுகிறவர்கள் யாரும் தாங்களே பொய்யைச் சேர்க்கக்கூடாது, பதிவுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறவர்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பில் இருக்கிறவள் உங்கள் தங்கைதான். அவளிடம் அளவு, ஆழம், நாற்பது நாள் எல்லாம் சொல்லிச் சேர்க்கச் சொன்னேன். சரி என்றாள். நீங்கள் நாற்பதை ஐம்பத்திரண்டாகப் போட்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உங்கள் கணக்கைத் திருத்தித்தான் என் பாதி சர்வீஸ் போயிற்று.

ஆனாலும் உங்கள் வாயை அடைப்பதற்காகவே கழித்துப் பார்க்கிறேன். தட்டையான ஒரு கோடுதான் மிஞ்சும். அதைச் சட்டம் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன், அறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்

மே 27

மாப்பிள்ளை,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இது இடது கை. வலது கையில் மூன்று விரல் உடைந்துவிட்டது. சிறை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த டிரைவர் வாய் சும்மா இருக்காதவன். கொசுக் கதையை எல்லா அறைக்கும் கொண்டுபோய்விட்டான். இங்கே எனக்கு இப்போது கொசு வாத்தியார் என்று பெயர். அதைப் பொறுத்துக்கொண்டேன். மேஸ்திரி என்று ஒருவன் இருக்கிறான், இந்தக் கட்டடத்தில் யார் எங்கே படுப்பது, யார் முதலில் குளிப்பது எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். அவனுடைய ஆள் ஒருவன் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு, இல்லாத ஒன்றுக்காகச் சொந்தத் தங்கை புருஷனைக் குருடாக்கிய முட்டாள் என்று எல்லார் காதிலும் விழுகிறமாதிரி சொன்னான். கையில் நிரம்பிய வாளி இருந்தது. அதோடு அவன் வாயில் போட்டேன். பல் தண்ணீரோடு சேர்ந்து சாக்கடையில் போனது.

அன்று சாயங்காலமே மேஸ்திரி நாலு பேரோடு வந்தான். கத்தவில்லை, திட்டவில்லை. என் கையை இரும்புக் கதவின் கீல் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை, இன்னொரு தடவை சாத்தினார்கள். வலிக்கு முன்னால் சத்தம்தான் கேட்டது. டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் படுத்திருப்பேன்.

இந்தப் படுக்கையில் கிடந்து யோசித்தேன். எனக்கு வெளியே வர வேண்டும். இங்கேயே இருந்தால் ஒன்று என்னைக் கொன்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் நான் யாரையாவது கொன்றுவிடுவேன். இரண்டாவதுதான் முதலில் நடக்கும் என்று தோன்றுகிறது. ஒரு கோள் இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன. அது என் கையெழுத்தைப் பார்த்தா சுற்றுகிறது?

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடது கைக் கையெழுத்து செல்லுமா என்று இயக்குநரைக் கேட்டுக்கொள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடு.

கழித்துப் பார்ப்பதாகச் சொன்னாயே. பார்த்தாயா? சட்டம் போட்ட கோடு இன்னும் வந்து சேரவில்லை.

மச்சான்

ஜூன் 15

அன்புள்ள மச்சானுக்கு,

படிவம் கிடைத்தது. கையெழுத்து செல்லும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். வாபஸ் அறிவிப்பும் போய்விட்டது. கைக்கு நல்ல வைத்தியம் பார்க்கிறார்களா? விரல்களை மடக்கி நீட்டிப் பழக வேண்டும், அசையாமல் வைத்திருந்தால் அப்படியே இறுகிவிடும். ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், உள்ளே விடுகிறார்களா தெரியவில்லை.

கழித்துப் பார்த்தேனா என்று கேட்டிருந்தீர்கள். கண் வலி அதிகமாக இருந்தது. ஆய்வகத்திலும் வேலை நெருக்குகிறது. இப்போது அதற்கெல்லாம் என்ன அவசரம்? அறிவிப்பு போய்விட்டது, விஷயம் முடிந்தது. நீங்கள் முதலில் வெளியே வாருங்கள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தைக் குழுவுக்கு நேரிலேயே போய்க் கொடுத்தேன். மனு நிச்சயம் பலிக்கும் என்று அங்கே இருந்த எழுத்தர் சொன்னார்.

உங்கள் தங்கை இந்த மாதம் வர மாட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். உதட்டில் தையல் போட்டிருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் கவலைப்படுவீர்கள் என்று அவள் சொல்ல வேண்டாம் என்றாள். நான்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோடும் வம்புக்குப் போக வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூலை 2

டேய்,

இது வார்டர் படிக்காத கடிதம். இன்றைக்கு விடுதலையாகிற ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் பெட்டியில் போடுவான். அதனால் மனதில் உள்ளதை எழுதலாம்.

நீ கடிதம் எழுதின அந்த வாரமே என் தங்கச்சி வந்தாள். தையல் பிரித்திருக்கவில்லை. குளியலறைத் தரைக்கு மோதிரம் போட்ட விரல் எப்போது முளைத்தது? கன்னத்தில் அந்த மோதிரத்தின் தடம் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பேசினால் தையல் இழுக்கிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

நீ பொய்க்கோளை வைக்கச் சொன்னபோது அவள் சரி என்று சொன்னாளே, அது உன் நச்சரிப்பு ஓயட்டும் என்று சொன்னது. பொய் சேர்ப்பதாக இருந்தால், எங்கே என்று சொல்லாவிட்டாலும், தேடுகிற இரண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். என் பதிவில் மட்டும், எனக்குத் தெரியாமல் வைக்கச் சொன்னாய். அதனால் அவள் வைக்கவே இல்லை. உனக்கும் எனக்கும் நடுவில் இருந்துகொண்டு இப்படி எத்தனை சரி சொல்லியிருக்கிறாளோ. அந்தக் கூட்டத்தில் அவள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உன் கண்ணை எடுத்து முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில், உன் கண் ஒன்றுமில்லாததற்குப் போயிற்று என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடித்தது சரிதான் என்று மார் தட்டுவேன் என்று பயந்தாளாம். இரண்டு பேரும் ஆறட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

நீ கழித்துப் பார்த்திருக்கிறாய். தட்டைக் கோடு வரவில்லை. நாற்பது நாளுக்கு ஒருமுறை ஒரு மேடு வந்திருக்கிறது. சேர்க்காத பள்ளத்தைக் கழித்தால் மேடுதானே வரும், அதைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டாவது நாள் பள்ளம் அது பாட்டுக்கு அங்கேயே இருக்கிறது. நான் கண்டது நிஜம். அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டாய். ஆமாம் என்றாள். அடித்தாய். ஒன்று அடித்துவிட்டு, எழுந்து நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்று அடித்தாய். மறுநாள் காலையில் குளித்து முழுகி, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, என் இடது கைக் கையெழுத்தை இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். தெரிந்தே கொடுத்தாய். பிறகு எனக்குக் களிம்பு அனுப்பினாய்.

கோளை விடு, நீயே வைத்துக்கொள். செப்டம்பரில் வெளியே வருகிறேன், உன் தயவில். நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். என் வலது கையால் எதையும் பிடிக்க முடியாது, இடது கை இப்போது நன்றாகப் பழகிவிட்டது. அடித்துவிட்டு ஓட மாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்து நீ சாகிறாயா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் குழுவிடம் கொண்டுபோய்க் காட்டு. உன்னால் முடிந்தது அதுதான்.

ஆகஸ்ட் 30

மச்சானுக்கு,

மேலே முகவரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். விசாரணைக் கைதிகள் கொட்டடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் போன கடிதம் போலவே இதுவும் வார்டர் கண்ணில் படாமல் ஆள் மூலம் வரும்.

உங்கள் கடிதம் ஆள் மூலம் வந்த அன்றே அதைக் குழுவிடம் கொடுப்பது என்று கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். இரண்டாம் முறை திரும்பியபோது வீட்டில் உங்கள் தங்கை இல்லை. ஒரு பெட்டியும் அவளுடைய கம்ப்யூட்டரும் இல்லை. அவள் ஏதோ விடுதியில் தங்கியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அவள் அடுத்த ஐம்பத்திரண்டாவது நாள் எப்போது வருகிறது என்று கணக்குப் போட்டு, வேறு இரண்டு நாட்டு ஆய்வகங்களுக்கு எழுதி, அன்றைக்குச் சிவப்பியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பார்த்தார்கள். இவளும் நம் தொலைநோக்கியில் பார்த்தாள். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் குறைந்தது. போன வாரம் அறிவிப்பு வந்துவிட்டது. சிவப்பியின் மூன்றாவது கோள், கண்டுபிடித்தவர் உங்கள் தங்கை. என் பெயர் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. உங்கள் பெயரைப் போடலாமா என்று அவளே இயக்குநரிடம் கேட்டாளாம். கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கியவர் பெயரை எப்படிப் போடுவது என்று அவர் கேட்டிருக்கிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் நம் இருவரைப் பற்றியும் கிளறியதற்கு, "அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்று சொன்னதாகப் படித்தேன்.

அதே வாரத்தில் போலீசுக்கும் போனாள். தையல் போட்ட மருத்துவரின் சான்று, கன்னத்தின் புகைப்படம் எல்லாம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வேலையில் அவள் எப்படியோ அப்படியே. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து அழைத்துப்போனார்கள். ஜாமீன் கொடுக்க ஆள் யார் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியவர்கள் என்று இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான்.

நாளை மறுநாள் என்னை உங்கள் சிறைக்கு மாற்றுகிறார்கள். உங்கள் கட்டடம்தான், விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதிகாரியிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினால் என்னை வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். உங்கள் மனுவும் அத்தோடு செத்துப்போகும். காட்டவில்லை. நேற்று அதைச் சுக்குநூறாகக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். பயந்துபோய்த்தான் இருக்கிறேன். மேஸ்திரி என்பவனும் அங்கேதானே இருக்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வேறு யாரிடமும் கேட்க முடியாது. அவளை முதல் தடவை அடித்தபோது எனக்கு ஆத்திரம். இரண்டாவது அடியில் ஆத்திரம் இல்லை, நிம்மதியாக இருந்தது. கண் போனதிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் உணர்ந்ததில்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

மாப்பிள்ளை

செப்டம்பர் 6

மாப்பிள்ளை,

ஒரே சுவருக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கேலிக்கூத்துதான். தண்ணீர் கொண்டுவருகிறவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆமாம், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. உன் இரத்தம் என் சட்டையில் பட்ட பிறகு அரை நிமிடம் உலகத்தில் என்னைவிடச் சுகமான ஆள் யாரும் இல்லை. ஆலோசகரிடம் இதைச் சொன்னதில்லை. நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

தங்கச்சியின் அறிவிப்பைப் படித்தேன். நூலகத்துப் பேப்பரில் கால் பக்கம் வந்திருந்தது. ஐம்பத்திரண்டு நாள் என்று போட்டிருந்தது. டிரைவரிடம் காட்டினேன். "அப்ப கொசு இருந்திருக்கு" என்றான். இருந்திருக்கிறது என்றேன். படம் நன்றாக விழுந்திருக்கிறது, உதட்டுத் தழும்பு தெரிகிறது. அதை மறைக்காமல்தான் நின்றிருக்கிறாள்.

நீ வந்த அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தட்டையும் போர்வையையும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாய். யாராவது பக்கத்தில் வரும்போதெல்லாம் முழு உடம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். குனிந்து பார்த்தால் வாளியின் வளையத்தை என் இடது கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நான் பிடிக்கச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. உனக்கும் எனக்கும் நடுவே முற்றம் பாதிதான். நாலு அடி நடந்தும்விட்டேன். மேஸ்திரி திண்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்த்தான். ஏதாவது நடக்கட்டும் என்று வார்டரைப் பேச்சில் பிடித்து வைத்திருந்தான். நடு முற்றத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதிகாரியின் அறைக்கு நேராக நடந்தேன்.

ஒரு கண்ணில்லாத ஆள் புதிதாக வந்திருக்கிறான், என்னை அவனோடு ஒரே கட்டடத்தில் விட்டால் கொன்றுவிடுவேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் குழு கூடுது. இதை நான் கேக்கலைன்னு வச்சுக்கிறேன், போய்ப் படு" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மறுபடியும் யோசிக்கச் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார், கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மனு அத்தோடு போயிற்று. மீதி வருடங்களை முழுசாகக் கழிக்க வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தங்கச்சி முகத்தைப் பார்த்தவன் நான், அது நடக்காது. என் கை என் பேச்சைக் கேட்காது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் புருஷனை அவள் அண்ணன் கொன்றான் என்றால் இன்னொரு தடவை கோர்ட்டுக்கு வந்து நிற்க வேண்டியது அவள்தான். அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

இன்று சாயங்காலம் என்னைப் பின்கட்டுத் தனி அறைக்கு மாற்றுகிறார்கள். அதற்கு வெளியே தாழ்ப்பாள், பகலிலும் திறக்க மாட்டார்கள். மேஸ்திரியிடம் பேசும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று தெரியாது, என் இடம் காலியாகிறது, ராத்திரியில் அங்கே டிரைவர் பக்கத்திலேயே படுத்துக்கொள். நீ வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். நாளைக் காலையில் முற்றத்துக்கு வா. நான் அங்கே இருக்க மாட்டேன்.

மச்சான்